பாபி ஃபாரலின் வாய்

1983-ல் எங்கள் தெருவுக்கு போனி எம் வந்தது. சவூதியில் இருந்த அத்தா, வீரசோழனுக்கு லீவில் வந்த ஒருவரிடம் டேப் ரிக்கார்டரும் இரண்டு கேசட்டும் கொடுத்துவிட்டிருந்தார். ஒன்றில் அவர் பேச்சு. எழுத வராதவர்கள் அப்போது கேசட்டில் பேசித்தான் அனுப்புவார்கள். இன்னொன்றில் பாட்டு. அட்டையில் பளபளக்கும் உடையில் மூன்று பெண்கள், பம்பைத் தலையோடு ஒரு ஆள். "இந்தாளுதான்டா பாடுறது" என்று தெருப் பையன்களுக்கு விளக்கியது நான்தான். கருவேலங்காட்டுக் கரிமூட்டப் புகைக்கு நடுவே சாயங்காலமானால் 'டாடி கூல்'. ஒரு வார்த்தை புரியாது.

2010 டிசம்பர் 30-ல் பாபி ஃபாரல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்தார். அவர் ஆடிப் பிரபலமாக்கிய ரஸ்புடின் கொல்லப்பட்டதும் அதே ஊர், அதே தேதி. அந்தச் செய்தியைப் படிக்கும்போதுதான் தெரிந்தது, ரிக்கார்டில் இருப்பது அவர் குரலே இல்லையாம்.

ஃப்ராங்க் ஃபரியன் என்ற ஜெர்மானியத் தயாரிப்பாளர் 1975-ல் ஒரு பாட்டை வெளியிட்டார். கட்டைக்குரல், கீச்சுக்குரல் இரண்டும் அவரே. சொந்தப் பேரைப் போடாமல், டிவியில் பார்த்த ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரின் பேரோடு ஒரு 'எம்' சேர்த்துவிட்டார். பாட்டு ஓடியது. மேடைக்கு ஆள் வேண்டுமே? ஆட அரூபாக்காரர் ஃபாரல் வந்தார். கரீபியன் தீவுகளில் பிறந்த மூன்று பெண்களில் லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும்தான் ரிக்கார்டில் பாடியவர்கள். 1976-ல் 'டாடி கூல்', 1978-ல் 'ரஸ்புடின்', அந்த வருஷக் கடைசியில் மாஸ்கோவில் கச்சேரி. எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். பாடியதில் நாம் யாரும் ஏமாறவில்லை. டைட்டிலில் பேர் வந்துவிடும். ஃபரியன் அட்டையில் முகத்தை மட்டும் போட்டார்.

எனக்கு அவர்மேல் கோபமில்லை. நான் செய்ததும் சின்ன வேலை இல்லை.

சிநேகிதன் ஒருவன் பாட்டு கேட்டான். புதுக் கேசட்டுக்கு அருப்புக்கோட்டை போகணும், காசு கிடையாது. அவன் வீட்டு ரிக்கார்டரையும் எங்களுடையதையும் எதிரெதிரே வைத்து, கதவைச் சாத்தி, அத்தா பேசிய கேசட்டின் மேலேயே 'ரஸ்புடினை' ஏற்றினேன். நடுவில் யாரோ கோழி விரட்டும் சத்தமும் ஏறிவிட்டது.

ராத்திரி அம்மா வழக்கம்போல அந்தக் கேசட்டைப் போட்டாள். பாட்டு முடியும்வரை கேட்டாள். திட்டவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அத்தா வந்தார். "அதுல பேசுனத இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தப் பேசுனேன்? ஞாபகமில்லயே."

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். சலாத்திலிருந்து, ஆட்டுக்குட்டி விசாரிப்பு, வட்டிக்காரர் கணக்கு, நடுவில் அவர் இருமியது உள்பட, அவர் இழுத்துப் பேசுகிற மாதிரியே.