படுகளம்

சென்ற நூற்றாண்டின் மகாயுத்தங்களில் ஓடிய டாங்கிகளையும் ஜீப்புகளையும் பட்டாள லாரிகளையும் துடைத்து எண்ணெயிட்டு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, அக்காலத்துச் சிப்பாயின் உடுப்பைப் பொத்தான் முதற்கொண்டு பிசகாமல் தரித்துக்கொண்டு, முடிந்துபோன ஒரு சண்டையை மறுபடி நடித்துக் காட்டும் வழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேரூன்றியிருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை நடந்து ஐம்பது வருஷம் நிறைந்த 1913-இல், ஒருவரையொருவர் சுட்ட இரு தரப்புக் கிழச் சிப்பாய்களும் அதே வெளியில் கூடி, அன்று குண்டுமாரிக்கு நடுவே பாய்ந்து சென்ற தடத்தில் தள்ளாடி நடந்து, கற்சுவரின் மேலாகக் கைகுலுக்கிக்கொண்ட விருத்தாந்தத்தைப் படித்த நாள் முதல் அவ்வழக்கத்தின்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் போரை மறுபடி நடிப்பதன் முழு அர்த்தமும் எனக்குப் பிரத்தியட்சமானது அயல் தேசத்தில் அன்று. திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையை விட்டு விலகிய ஒரு கிராமத்தில், அறுவடை முடிந்த வயல்வெளியில், திரௌபதியம்மன் திருவிழாவின் படுகளத்தன்று.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் இவ்விழா எத்தனையோ ஊர்களில் நடக்கிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலே திரௌபதி வழிபாட்டின் ஆதி ஸ்தலம் என்பது இப்பக்கத்தாரின் நம்பிக்கை. கொடியேற்றிக் காப்புக் கட்டியபின், பகலில் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பாரதம் நாள்தோறும் வளர்கிறது. அர்ச்சுனன் தபசன்று வேஷக்காரர் நெடிய தபசு மரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து பாடியபடியே எலுமிச்சங்கனியும் விபூதியும் வில்வமும் எறிய, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே மடியேந்தி நிற்கிறார்கள்.

பழம்பொருளைப் போற்றும் சிரத்தை இங்கேயும் குறைவில்லை. கல்யாண முருங்கைக் கட்டையில் இழைத்துக் கண்ணாடிச் சில்லும் காகிதமும் ஒட்டிய கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் ஆகியவை தகப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்கு வந்தவை என்று கூத்து வாத்தியார் சொன்னபோது அவர் குரலில் இருந்த கௌரவம், பழைய மோட்டாரை ஓட வைத்தவனுக்குரிய கௌரவத்திற்கு இம்மியும் தாழ்ந்ததன்று. ஆனால் ரதம் என்று ஒன்று கிடையாது. கர்ண மோட்சத்தன்று சல்லியன் ஓட்டுகிற தேர் ஒரு மரப் பெஞ்சுதான். மத்தளமும் முகவீணையும் முழங்க, கர்ணன் அதன்மீது ஏறி நின்று அம்பு தொடுக்கையில், குதிரைகளையும் சக்கரம் மண்ணில் புதைவதையும் காண்பதற்கு ஜனங்களுக்கு வேறு சாதனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பதினெட்டாம் போர் ஆடிய இரவு விடிந்ததும் களம் வயல்வெளிக்கு மாறுகிறது; அதுவே படுகளம். அங்கே துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். மண் குழைத்து மனித உடல் பலவற்றின் நீளத்திற்கு வளர்த்தி, முறுக்கிய மீசையும் திறந்த கண்களும் வர்ணத்தில் தீட்டி, பக்கத்தில் கதாயுதத்தோடு கிடத்தியிருந்த அந்த உருவத்தின் தோளருகே நின்ற சிறுவன் ஒருவன் அண்ணாந்து பார்த்துத்தான் முகத்தைக் கண்டான். வென்ற பாண்டவர்கள் சாதாரண மனித அளவில் ஓடியாடுகிறார்கள். தோற்றவனுக்கே இத்தனை பெரிய சரீரம். பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடலைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் துரத்திப் போரிட்டு, கடைசியில் பீமன் தொடையில் ஓங்கி அடிக்க, உள்ளே புதைத்து வைத்த செந்நீர் பீறிட்டு வெளிப்படுகிறது. அச்சிவப்பைத் தடவிப் பாஞ்சாலி கூந்தலை முடிக்கிறாள். சபதம் நிறைவேறிவிட்டது, ஜனங்கள் ஆரவாரித்துக் கும்பிடுகிறார்கள்.

கதை அத்துடன் நின்றுவிடவில்லை என்பதே என்னை அவ்வெயிலில் நிற்க வைத்தது. துரியோதனனின் மனைவி பெருந்திருவாளாக வேஷமிட்டவர் தலைவிரி கோலமாய், முறமும் துடைப்பமும் ஏந்தி ஓடி வந்து, மண்ணுடலின்மேல் விழுந்து ஒப்பாரி வைத்தார். ஒரு கணத்திற்கு முன் கும்பிட்ட பெண்களே அந்த ஒப்பாரிக்கு அழுதார்கள். பக்கத்தில் முந்தானையால் முகம் துடைத்த அம்மாளிடம், "பாஞ்சாலியைச் சபையில் இழுத்து வரச் சொன்னவனுக்காகவா அழுகிறீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "அவன் செஞ்சதுக்கு அவன் பட்டுட்டான் சாமி. இவ இன்னா பண்ணுவா, பாவம்?" என்றார். மாலையில் அதே அம்மாள் தீமிதியைக் காண முதல் வரிசையில் இடம்பிடித்து நின்றார்.

இந்தச் சீமை யுத்தம் அறியாத சீமையன்று. செஞ்சிக் கோட்டையைச் சிவாஜி 1677-இல் பிடித்ததும், அவர் மகன் ராஜாராமை உள்ளே வைத்து மொகலாயச் சேனை 1690 முதல் 1698 வரை முற்றுகை நடத்தியதும், 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துத் தேசிங்கு ராஜன் மடிந்ததும் சரித்திரம். தேசிங்குக்குக் கதைப்பாட்டு உண்டு. அவர் குதிரை பாராசாரிக்கும் அதில் பங்கு உண்டு. திண்டிவனத்துக்கு வடக்கே, ஒரு பகற்பொழுதில் நடந்தே போய்விடக்கூடிய வந்தவாசியில், 1760 ஜனவரி 22-ஆம் தேதி அயர் கூட் என்ற ஆங்கிலத் தளபதி லாலி என்ற பிரெஞ்சுத் தளபதியை முறியடித்தார். அடுத்த ஆண்டே புதுச்சேரி வீழ்ந்தது. பிரெஞ்சுக்காரரின் சாம்ராஜ்யக் கனவு அத்துடன் அஸ்தமித்தது. இத்தனை பெரிய யுத்தத்திற்கு நம் கிராமங்களில் ஒரு கூத்து இல்லை. அந்நியர் இருவர் நம் வயலில் நின்று மோதியதை ஜனங்கள் தம்முடையதாக ஏற்கவில்லை என்று நினைக்கிறேன். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இரு சேனையிலும் இந்நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் வீடு இருந்தது என்ற நினைவு படுகளத்திலிருந்து திரும்புகையில் என்னைப் பற்றிக்கொண்டது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டைக் குன்றான ராஜகிரியின் அடிவாரத்தில் பீரங்கியும் குதிரையும் பழைய பட்டாள வண்டிகளும் வைத்து ஒரு யுத்தக் காட்சியை நடத்த வேண்டுமென்று நாளை எவருக்கேனும் தோன்றலாம். தோன்றினால் நல்லது, நானும் போய்ப் பார்ப்பேன். அதை ஏற்பாடு செய்பவர்களிடம் என் விண்ணப்பம் ஒன்றே: முதலில் இப்பக்கத்துப் படுகளம் ஒன்றைக் கடைசிவரை இருந்து பார்த்துவிட்டு, பிறகு தங்கள் களத்தில் பெருந்திருவாளுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.