கடல் தாண்டாத பூஞ்சணம்

நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த கதையில் கப்பலைச் சொல்கிறோம்; கங்காணியைச் சொல்கிறோம்; பால்வாளியைச் சொல்கிறோம். அக்கதையில் ஒரு பூஞ்சணத்திற்கும் பங்குண்டு. அது இங்கு வராமல் போனதே அந்தப் பங்கு.

ரப்பர் மரத்தின் தாயகம் அமேசான் காடு. அதன் இளந்தளிர்களைத் தாக்கி உதிர்க்கும் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய்க்கும் அதுவே தாயகம். காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நின்றதால் நோய் எளிதில் பரவவில்லை. நிரை நிரையாக நட்டபோதுதான் அதன் வேகம் தெரிந்தது. 1928இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் பிரேசிலில் ஃபோர்ட்லாண்டியா தோட்டத்தைத் தொடங்கியது. பிறகு பெல்தெராவிலும் முயன்றது. பணமும் இயந்திரமும் இருந்தும் அந்நோயை வெல்ல முடியவில்லை. 1945இல் தோட்டங்களைப் பிரேசில் அரசிடம் விற்றுவிட்டு வெளியேறியது.

நமக்கு வாய்த்தது வேறு. 1876இல் ஹென்றி விக்காம் இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு சென்றவை விதைகள். அவற்றில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. இலையில் வாழும் அந்நோய் உடன் வரவில்லை. 1896இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுவே. அதன்பின் பெருகிய தோட்டங்களில்தான் நம்மவர் நிரை பிடித்துச் சீவினர்.

தங்கா பத்துவில் பால்மரம் சீவிய என் பாட்டி இலைக்கருகலைக் கண்டதில்லை. வெள்ளைவேர் நோயை நன்கறிவார். "இலை மங்கி வாடினா மண்ணைத் தோண்டிப் பாரு. வேருல வெள்ளை நூலு ஓடும். பக்கத்து மரத்தையும் பாரு" என்பார். மரம் பட்டுப்போனால் பால் குறையும்; கூலியும் குறையும். பழைய அடிக்கட்டையில் தங்கியிருக்கும் பூஞ்சணம் வேரோடு வேர் உரசி அடுத்த மரத்திற்குச் செல்கிறது என்று விரிவுரையாளர் விளக்கியபோது, பாட்டி கண்டதற்கு அறிவியல் காரணம் சொல்வதாகவே எனக்குப் பட்டது.

இலைக்கருகல் இன்றும் ஆசியாவிற்குள் நுழையவில்லை. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுக்காப்புச் சட்டம் போன்றவை அதற்குக் காவல் நிற்கின்றன. ஆயினும், ஓர் இலையில் ஒட்டியும் அது வரலாம்.

"தோட்டத்தை விட்டே வந்துவிட்டோம், இனி மரத்தின் நோய் நமக்கெதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தலைமுறைகளாக மரத்தோடு வாழ்ந்து பெற்ற பார்வை முதியவர்களோடு மறைந்துவிடக் கூடாது என்பதே என் பதில். சீவிய கைகளின் பேரப்பிள்ளைகள் அந்த மரத்தை நுண்ணோக்கியிலும் பார்க்க வேண்டும். விடுமுறையில் வீடு திரும்பும் தோழர்களே, எந்த மரம் எப்படிப் பட்டுப்போனது என்று உங்கள் பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். தாவர நோயியலின் முதல் பாடம் அதுதான்.