புதுச்சேரியில் ஒரு சைக்கிள் சவாரி

போன மார்கழியில் புதுச்சேரியிலுள்ள நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு வருஷமாக எனக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். காலையில் எழுந்தால் கால் கட்டை மாதிரி இருக்கும். "நடக்காதே, இன்னும் தேய்ஞ்சுடும்" என்று ஆளாளுக்குச் சொல்ல, உட்கார்ந்தே பழகிவிட்டேன். கடைசியில், மொட்டை மாடியில் துணி உலர்த்தக்கூட மகளைக் கூப்பிடும்படி ஆயிற்று. டாக்டரம்மா மட்டும், "உட்கார்ந்தே இருந்தால்தான் மூட்டு இறுகும். சைக்கிள் ஓட்டுங்கள்" என்று சொல்லியிருந்தார். எனக்குத்தான் தைரியமில்லை.

நாத்தனார் விடவில்லை. "இங்கே மேடுபள்ளமே கிடையாது அண்ணி. காலையில தெருவும் காலியா இருக்கும். ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்று வாடகை சைக்கிள் கடைக்கு அழைத்துப் போனாள். கால் தரையில் நன்றாகப் பதியட்டும் என்று சீட்டை இறக்கச் சொன்னேன். கடைக்காரர் கேட்கவில்லை. "தாழ இருந்தா முட்டி ரொம்ப மடங்கும்மா. வலிதான் ஜாஸ்தியாகும்" என்றவர், பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்படி சீட்டை உயர்த்திக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கிளம்பினோம். முதல் ஐந்து நிமிஷம் முட்டி முரண்டு பிடித்தது. மெதுவாக, அழுத்தாமல் மிதித்தேன். ரோமன் ரோலண்ட் வீதி, துய்மா வீதி எல்லாம் கோடு போட்டாற்போல் நேர்த் தெருக்கள். மஞ்சள் மதில்களில் காகிதப்பூ கொட்டிக் கிடந்தது. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைப் பார்க்க இறங்கியபோதுதான் கவனித்தேன், காலில் இறுக்கம் தளர்ந்திருந்தது!

கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகளுக்குத் தடை. சைக்கிளைத் தெருமுனையில் பூட்டிவிட்டு, காந்தி சிலை வரை நடந்தோம். செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்களுக்கு நடுவே நிற்கிறார் காந்தி. பக்கத்தில் 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். அலையைப் பார்த்தபடி, டாக்டரம்மா சொன்னதை அசைபோட்டேன். மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. கால் அசையும்போது மூட்டிலுள்ள திரவம்தான் அதற்குப் போஷாக்கைக் கொண்டு சேர்க்கிறது. சைக்கிளில் உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் சீட் தாங்கிக்கொள்கிறது. தொடைத் தசையும் பலப்பட்டு, முட்டிக்கு முட்டுக்கொடுக்கிறது.

அதற்காக ஒரே நாளில் ஊரைச் சுற்றிவிடக் கூடாது, சகோதரிகளே! பத்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். ஓட்டி இரண்டு மணி நேரம் கழித்தும் வலி அதிகமாகவே இருந்தால், அடுத்த முறை தூரத்தைக் குறையுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் அன்று சைக்கிளைத் தொடாமல் டாக்டரைப் பாருங்கள். மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமென்ன?

ஊர் திரும்பியதும் மகளின் சைக்கிளில் சீட்டை உயர்த்திவிட்டேன். தினமும் கால் மணி நேரம் ஓட்டுகிறேன். வலி அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்து ஏறி, துணியை இப்போது நானேதான் உலர்த்துகிறேன்.