சிங்கப்பூரில் பிறந்த சோனார்

பழுதான லென்ஸ் மேசைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஸ்க்ரூவின் தலையைத்தான். ஜப்பான் லென்ஸில் கூட்டல்குறி ஸ்க்ரூ இருந்தால், அதற்கு ஜப்பான் தர அளவில் செய்த திருப்புளி வேண்டும். வேறொன்றை வைத்து அழுத்தினால் வழுக்கிக்கொண்டு தலையைத் தேய்த்துவிடும். பழைய ஜெர்மன் லென்ஸ்களில் பெரும்பாலும் ஒற்றைக் காடி. திருப்புளியின் முனையை அந்தக் காடியின் அகலத்துக்கு அரம் போட்டுத் தேய்த்துக்கொண்ட பிறகே கை வைப்பேன்.

சிங்கப்பூரில் லென்ஸுக்கு முதல் எதிரி ஈரக்காற்று. சிராங்கூன் ரோட்டில் கல்யாணப் படம் எடுப்பவர்களும், தைப்பூசத்தன்று விடியுமுன்பே பெருமாள் கோயில் வாசலில் நிற்பவர்களும் கொண்டுவரும் லென்ஸ்கள் பலவற்றில் பூஞ்சை படர்ந்திருக்கும். பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் சிலந்திவலைபோலத் தெரியும். துடைத்தால் போய்விடும், ஆனால் கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்துவிட்டிருந்தால் அந்தத் தழும்பு போகாது. ஜெர்மன் லைக்காவுக்கும் வரும், ஜப்பான் நிக்கானுக்கும் வரும். இந்த இரு நாடுகளின் போட்டி பழைய கதை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனமான சைஸ் இரண்டாக உடைந்தது: கிழக்கே யேனா, மேற்கே ஓபர்கோகன். ஜப்பான் முன்னேறியதும் அந்தக் காலத்தில்தான். 1950-ல் லைஃப் பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன், தன் லைக்காவில் நிக்கானின் நிக்கோர் லென்ஸ்களைப் பூட்டிக்கொண்டு கொரியப் போரைப் படம் எடுத்தார். அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அன்றைய 50 மி.மீ. நிக்கோர், லுட்விக் பெர்டலே 1930களில் சைஸுக்காக வடிவமைத்த சோனாரின் வழியில் வந்தது. அதை வைத்து 'காப்பி' என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒருநாளும் உடன்பாடில்லை. வரைபடம் கிடைத்துவிட்டால் லென்ஸ் வந்துவிடாது. கண்ணாடித் துண்டுகளை மையம் பிசகாமல் அடுக்குவது தனி வித்தை. 1959-ல் நிக்கான் எஃப் வந்தபின் செய்தியாளர் கைகளில் ஜெர்மன் கேமராக்கள் குறைந்துகொண்டே போயின.

இந்தப் போட்டி நம் ஊருக்கும் வந்தது. பிரவுன்ஷ்வைக் நகரத்து ரோலை நிறுவனம், ஜெர்மன் கூலி கொடுத்து ஜப்பானோடு விலையில் மோத முடியாமல், 1970களின் தொடக்கத்தில் இங்கே தொழிற்சாலை திறந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்தார்கள். அரசோடு சேர்ந்து ஒரு பயிற்சி நிலையமும் நடத்தி, நுண்பொறியியலும் ஒளியியலும் கற்றுக்கொடுத்தார்கள். சட்டைப் பைக்குள் அடங்கும் ரோலை 35 இங்கிருந்து உலகெங்கும் போனது. ஆனால் அதில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். ஜப்பான்காரர்களோ தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் தானியங்கி ஒளியளவும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1981-ல் தொழிற்சாலையை மூடினார்கள். கண்ணாடியில் ஜெர்மனி தோற்றதாக நான் நினைக்கவில்லை. விலையிலும் வசதியிலும்தான் தோற்றது.

சேகரிப்பாளர்கள் இன்றும் சிங்கப்பூரில் செய்ததைவிட 'ஜெர்மனி' என்று பொறித்த ரோலைக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது அநியாயம். இங்கே செய்த ரோலையின் 40 மி.மீ. சோனாரில் மரைகள் அவ்வளவு சுத்தமாகப் பொருந்தியிருக்கும். மரையைக் கழற்றுமுன் அது விடுபடும் இடத்தில் ஊசியால் கோடு போட்டுக்கொள்வேன். வேறு மரையில் ஏறிவிட்டால் தொலைதூரம் தெளியாது. பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது தடவி, அந்தக் கோட்டில் ஏற்றினால் ஆட்டமில்லாமல் நழுவிப் போய் உட்காரும். நம் ஊர்த் தொழிலாளிகளின் கைவேலை அது.

வீட்டில் அப்பாவின் ரோலை 35 இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஃபிலிம் லீவரை ஓட்டிய பிறகே லென்ஸைத் திருப்பி உள்ளே தள்ளுங்கள். ஓட்டாமல் பலவந்தமாகத் தள்ளிக் கெட்டுப்போனவைதான் என்னிடம் அதிகம் வருகின்றன.