வீடு பார்க்க வருகிறார்கள்

உம்மாவின் வீட்டை விற்றுவிடுவதென்று நாங்கள் நால்வரும் முடிவு செய்தது, 2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம். காயல்பட்டினத்தில் வீடு என்பது பெண்ணுக்குரியது. மணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வார். பெண் தன் தாயின் நிழலை விட்டு அகலுவதில்லை. ஆகவே பெண்ணைப் பெற்றவர்களுக்கு அவளுக்கென ஒரு வீடு அமையும் வரை உறக்கம் வருவதில்லை. அத்தகைய ஊரில் தாய் வாழ்ந்த வீட்டைப் பிறருக்கு விற்பதென்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள்.

ஆயினும் வேறு வழி இருக்கவில்லை. வாப்பா மறைந்து பல ஆண்டுகளாயின. உம்மா 2021இல் வபாத்தானார்கள். ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் இருவர். ஷரீஅத் கணக்கில் சொத்து ஆறு பங்காகும். ஆண்களுக்கு இவ்விரண்டு, பெண்களுக்கு ஒவ்வொன்று. ஒரு முற்றத்தையும் ஒரு கிணற்றையும் ஆறாகப் பிளப்பது எங்ஙனம்? அதிலும் லாத்தாவின் நிலை எங்கள் எல்லோரையும் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் கணவரின் மருத்துவச் செலவுக்காக அவருடைய வீடு முன்னரே கைமாறிவிட்டது, கணவரும் தங்கவில்லை. சென்னையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆறில் ஒரு பங்கு என்பது எங்களுக்குக் கணக்கு. அவருக்கு அது கல்லூரிக் கட்டணம்.

தரகர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருமுன் செய்வதையெல்லாம் வீட்டுக்கும் செய்தாக வேண்டும் என்றார். பழைய சாமான்களை அகற்றுங்கள். கூடம் பெரிதாகத் தோன்றும். சுவரில் தொங்கும் நாட்காட்டிகளைக் கழற்றுங்கள். மங்கிய விளக்குகளை மாற்றுங்கள். காலை பத்து மணிக்குக் காட்டுங்கள். முற்றத்து வெயில் அப்பொழுதுதான் கூடத்துக்குள் விழும். அரைமணி முன்பாகச் சாம்பிராணி போட்டுவிடுங்கள். இவையெல்லாம் அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னவை. அவர் தொழிலில் தேர்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

பதினைந்து நாட்கள் அந்த வேலையில் மூழ்கினோம். மச்சிலிருந்து இறங்கிய பொருள்களைச் சொல்லி முடியாது. அடி தேய்ந்த செம்புப் பானைகள், கொழும்பிலிருந்து வாப்பா கொண்டுவந்த தகரப் பெட்டிகள், ஒரு காலில்லாத தொட்டில், எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவிக்கொத்து ஒன்று. சிவப்புக் காவித் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தபோது, நாங்கள் சிறுவயதில் சறுக்கி விளையாடிய அதே பளபளப்பு மீண்டும் தெரிந்தது. முற்றத்துத் தூண்களைக் கழுவினோம். கீல்களுக்கு எண்ணெய் விட்டோம். குழாய்களை மாற்றினோம்.

அடுப்படிக் கதவின் தாழ்ப்பாளையும் சரிசெய்தோம். இதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் ஒப்பவில்லை. அந்தத் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை என்று உம்மா எத்தனையோ ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடுமுறைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள். ஒவ்வொருவரும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றோம். இரவில் பூனை நுழையாதபடி கதவுக்கு ஓர் அம்மிக்குழவியை அண்டக்கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் படுத்துறங்குவது வழக்கம். ஆசாரிக்கு அந்த வேலை கால்மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. யாரென்று அறியாத ஒருவர் வந்து பார்ப்பதற்காக அது சரியாயிற்று. தாழ்ப்பாள் விழுந்த ஓசை கேட்டதும் லாத்தா எழுந்து முற்றத்துப் பக்கம் போய்விட்டார்.

இவ்வளவும் செய்ததில் பிழையொன்றும் இல்லை. அழகை அல்லாஹ் விரும்புகிறான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கும்போது, விற்கும் பொருளைத் துடைத்து வைப்பதை யார் குறை கூறுவார்? சிக்கல் சுவரில் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதைவிட இது மிகுதி. எங்கள் வீடு அப்பொழுது பூட்டிக் கிடந்தது. நான்காம் நாள் அண்டை வீட்டார் திறந்து பார்த்தபோது, கூடத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர் எஞ்சியிருந்தது. ஆனால் சுவரில் படிந்திருந்த சேற்றுக் கோடோ இரண்டரை அடி உயரத்தில் இருந்தது. சேற்றைக் கழுவியபின்னும் கோடு போகவில்லை. கோட்டுக்குக் கீழே ஓதம் ஏறி, உப்புப் பூத்து, காரை செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

கொத்தனார் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். சுவர் குடித்த தண்ணீர் வெளியேறும்போது உப்பைச் சுமந்துகொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் காற்றில் போய்விடுகிறது, உப்பு நின்றுவிடுகிறது. அது உள்ளுக்குள் விளைந்து காரையைத் தள்ளுகிறது. பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பே உற்றது, ஏனெனில் சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும் என்றார். கடைகளில் விற்கும் ஓதத் தடுப்புப் பூச்சைப் பூசினால் சுவர் கண்ணாடிபோல் ஆகிவிடாதா என்று தரகர் கேட்டார். ஆகும் என்றார் கொத்தனார். "அடுத்த ஐப்பசி வரைக்கும் தாங்கும். அதற்குப் பிறகு பூச்சோடு சேர்த்துப் பாளம் பாளமாகக் கொட்டும்."

அடுத்த ஐப்பசிக்குள் கிரயம் முடிந்துவிடும் என்றார் தரகர்.

ஊரில் இருப்பவர்களுக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றதென்று தெரியும். ஆனால் வீடு வாங்க வருபவர்கள் கொழும்பு, ஹாங்காங், சென்னை என்று கடல் கடந்தும் ஊர் கடந்தும் வாணிபம் செய்யும் நம்மவர்கள். அந்த டிசம்பரில் அவர்கள் இங்கு இருந்தவர்களல்லர்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் கூடத்தில் அமர்ந்து பேசினோம். எங்கள் காக்கா பொய் சொல்லத் தெரியாதவர், ஊரறிந்த நேர்மையாளர். அவர் சொன்னதும் நியாயம்போலத்தான் ஒலித்தது. "கேட்டால் உள்ளதைச் சொல்வோம். கேட்காதவர்களிடம் நாமே போய் ஏன் சொல்ல வேண்டும்? மழை பெய்ததற்கு நாமா பொறுப்பு? ஊர் முழுவதுமல்லவா நனைந்தது!" எங்களில் இளையவர், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுகொள்ள முடியாத முக்கியக் குறையிருந்தால், விற்பவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அதன் 55ஆம் பிரிவு கூறுகிறது. பூச்சுப் பூசாத சுவரென்றால் எவரும் கண்டுகொள்வர். பூசி மறைத்தபின் எப்படிக் காண்பர்? காக்கா சட்டத்துக்கு மசியவில்லை. எந்த வழக்கு எப்பொழுது முடிந்தது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

அப்பொழுது லாத்தா பேசினார். மத்ரஸாவில் எல்லோரும் ஓதியதுதான், எல்லோரும் கேட்டதுதான். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. கடைவீதியில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்லும்போது அதனுள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் தட்டிற்று. இது என்ன என்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் விடையிறுத்தார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

"அந்த மனிதரும் பொய் சொல்லவில்லையே, காக்கா," என்றார் லாத்தா. "மழை பெய்ததற்கு அவரும் பொறுப்பில்லையே."

எத்தனை முறை கேட்ட செய்தி! மிம்பரிலிருந்து சொல்லும்போது, எடையில் குறைக்கும் கடைக்காரர்களுக்குச் சொல்வதாகத்தான் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த வணிகரின் குவியலில் ஈரம் இருந்தது குற்றமில்லை; காய்ந்தது மேலே இருந்ததே குற்றம் என்பது, நனைந்த சுவருக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வாணிபம் செய்தவர்கள். குறையுள்ள துணியைக் குறை சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டாரென அறிந்து, வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக அவர்களின் சரிதம் கூறும். நாங்கள் ஷாஃபி மத்ஹபினர். ஆனால் இந்த இடத்தில் மத்ஹபுகளுக்குள் வேறுபாடில்லை. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்பதில் எல்லா இமாம்களும் ஒன்றுபடுகிறார்கள்.

காக்கா நெடுநேரம் கழித்து, "உன் பங்கும் குறையுமே, அதை யோசித்தாயா?" என்று கேட்டார். யோசித்தேன் என்றார் லாத்தா.

மறுநாள் கொத்தனாரிடம் வீடு முழுவதும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னோம். கூடத்தின் வடக்குச் சுவரை மட்டும் அப்படியே விடச் சொன்னோம். தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் வீட்டை ஆண்கள் வாசல் வழியாக வந்து பார்ப்பது வெறும் சடங்கு. விலை பேசவும் பத்திரத்தைப் புரட்டவுமே அவர்கள். மெய்யான சோதனை, பெண்கள் புழங்கும் முடுக்கு வழியாக வரும் பெண்களுடையது. அடுப்படிப் புகை எந்தப் பக்கம் போகிறது, குழந்தை விழுந்தால் யார் வீட்டில் குரல் கேட்கும், மையித்தை எந்த வழியாக வெளியே எடுப்பது என்பது வரை அவர்கள் பார்த்துவிடுவார்கள். முதலில் வந்த இரு குடும்பத்தாரும் வடக்குச் சுவரைக் கண்டார்கள், நாங்கள் சொன்னதைக் கேட்டார்கள், தேநீர் அருந்தினார்கள், பிறகு வரவில்லை. தரகரும் சிறிது காலம் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

மூன்றாவதாக வந்தவர் சென்னையில் கடை வைத்திருக்கும் நம்மூர்க்காரர். மூத்த மகளுக்காக வீடு தேடிக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் முடுக்கு வழியாக வந்தார்கள். எழுபதைக் கடந்தவர்கள். கூடத்தில் நுழைந்ததும் நேராக வடக்குச் சுவரண்டை சென்று, சேற்றுக் கோட்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார்கள். லாத்தா டிசம்பர் மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர்கள் இடைமறித்து, "கிணத்துக்குள்ளேயும் அந்தத் தண்ணி இறங்கிச்சா, மவளே?" என்று கேட்டார்கள்.

சுவரைப் பற்றி அவ்வளவு பேசிய நாங்கள் கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் நினைத்திருக்கவில்லை. லாத்தா எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, இறங்கிற்று என்றும், மோட்டார் வைத்து மூன்று முறை இறைத்தோம் என்றும், பங்குனி வரை தண்ணீரில் நாற்றம் இருந்தது என்றும், இப்பொழுது குளிக்கவும் துவைக்கவும் ஆகும், குடிக்க ஆகாது என்றும் சொன்னார். ஒரு செம்பில் மொண்டு வரச் சொன்னார்கள். வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு முற்றத்தில் உமிழ்ந்தார்கள். அடுப்படிக்குப் போனார்கள். கதவைச் சாத்தித் தாழிட்டுப் பார்த்தார்கள்.

அஸருக்குப் பின் மகன் விலை பேச வந்தார். சுவருக்கும் கிணற்றுக்குமாகச் சேர்த்து, நாங்கள் சொன்னதிலிருந்து மூன்று இலட்சம் குறைத்துக் கேட்டார். காக்கா ஒப்புக்கொண்டார். துல்ஹஜ் மாதத்தில் முன்பணம் வாங்கினோம். ஐப்பசி பிறக்கும் முன்னரே சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தும் முடிந்தது. ஆறு பங்கில் காக்காவுக்குக் குறைந்தது ஓர் இலட்சம்; லாத்தாவுக்கு ஐம்பதினாயிரம்.

காக்கா அந்த மூன்று இலட்சத்தைப் பற்றி இன்றும் எப்போதாவது பேசுவார். லாத்தா பதில் சொல்வதில்லை.