ஆறில் ஒன்று

அக்னி நட்சத்திர மத்தியானம். தென்னேரித் தெருவில் நாய்கூடச் சாக்கடைப் பலகைக்கு அடியில் ஒண்டிக்கொண்டுவிட்டது. விழித்திருப்பவர் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர்தான். விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்த எனக்கும் தூக்கம் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே திண்ணை. நடுவே ஒரு மரத்தூண். முதல் நாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதோடு சரி. அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. பார்க்காதே என்றும் அவர் சொல்லவில்லை.

அவர் முன்னால் பழைய பள்ளிக்கூடப் பெஞ்சு. அதன் ஓரத்தில் ஒரு வைஸ். வைஸ் கடித்துக்கொண்டிருப்பது ஒரு டிரில் மெஷினை. படுக்கவைத்துப் பூட்டியிருப்பதால் அதுதான் அவருடைய லேத். பெஞ்சின் மேல் குளிர்பான டின்கள், தின்று தீர்ந்த மாத்திரை அட்டைகள், வாரறுந்த ரப்பர் செருப்பு ஒற்றை, முனை மழுக்கிய சிரிஞ்ச் ஊசிகள், சீவிய மூங்கில் சிம்புகள். பழைய இரும்புக்காரன் எடை போட்டால் ஒரு டீக்குத் தேறாது. பெஞ்சுக்குப் பின்னால், நாலு முழ வேட்டி போர்த்தி, ஆள் நீளத்துக்கு ஏதோ படுத்திருக்கிறது.

சுவரில் அட்டையில் ஒட்டிய வரைபடம். மேலே இருந்து, பக்கத்தில் இருந்து, எதிரில் இருந்து என மூன்று பார்வை. டி ஹாவிலண்ட் கம்பெனியின் புஸ் மாத். இறக்கையில் எழுத வேண்டிய எழுத்துகள் சிவப்புப் பேனாவில்: விடி-ஏடிஎன். அந்த எழுத்துகளைப் பார்த்ததும் எனக்குக் கதை புரிந்துவிட்டது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் தபால் பையை ஏற்றிக்கொண்டு கிளம்பினாரே, அந்த விமானம். 25 கிலோ தபால். அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. பம்பாய் வரை டாட்டா. அங்கிருந்து தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார்.

பெரியவர் வேட்டியை விலக்குகிறார். முதுகுக்கு மேல் ஒற்றை இறக்கை. இன்னும் வெறும் விலா எலும்பு. அசல் விமானத்துக்கு இறக்கை 36 அடி 9 அங்குலம். இதற்கு 6 அடி ஒன்றரை அங்குலம். அசலின் நீளம் 25 அடி. இது 4 அடி 2 அங்குலம். எல்லாமே ஆறில் ஒன்று. விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு என்பது பழைய கணக்கு. இவர் கண்ணில் படுகிற எதிலும் அந்தப் பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அவருடைய வீட்டம்மா காதுத் தோட்டைக் கழற்றி ஜன்னலில் வைத்தால், இவர் பார்வை திருகாணிக்குப் போகிறது. பேரன் பேனா மூடியைத் தொலைத்தால், தேடவேண்டிய முதல் இடம் இந்தப் பெஞ்சு.

இன்று சிலிண்டர் வேலை. புஸ் மாத்தின் ஜிப்ஸி எஞ்சினுக்கு நாலு சிலிண்டர், 120 குதிரை சக்தி. அதைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். தலை கீழே, தண்டு மேலே. எஞ்சின் மூக்கு தாழ்ந்ததால் ஓட்டுகிறவருக்கு முன்வழி மறைக்கவில்லை. வரைபடத்தில் அந்த மூக்கை எத்தனை தடவை தடவியிருப்பாரோ, அந்த இடத்தில் மட்டும் தாள் பளபளக்கிறது.

குளிர்பான டின்னைக் கத்திரியால் பிளந்து, மரக்கட்டையால் தேய்த்துத் தட்டையாக்குகிறார். வட்டப் பஞ்ச்சை வைத்து ஒரு தட்டு. காசு மாதிரி ஒரு வில்லை விழுகிறது. அடுத்த பஞ்ச் கொஞ்சம் சின்னது. இரண்டு கிண்ணங்களில் இரண்டு ரக வில்லைகள் சேர்கின்றன. பிறகு ஒரு நீண்ட போல்ட்டை எடுத்துக் கோக்கிறார். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பூ கட்டுகிற வேகம். முடிவில் நட்டைப் போட்டு இறுக்கினால், காற்றுபட்டுச் சூடு ஆற வேண்டிய செதில்கள் வரிவரியாக நிற்கின்றன. போல்ட்டை டிரில்லில் மாட்டுகிறார். அது சுழல, ஊசி அரத்தை ஓரத்தில் தொட்டும் தொடாமலும் பிடிக்கிறார். கிர்ரென்ற சத்தம் மெல்ல மெல்ல ஸ்ஸ் என்று மாறுகிறது. அவர் காது அதற்காகத்தான் காத்திருக்கிறது. சத்தம் வழுவழுத்ததும் கை தானாக விலகுகிறது.

வெர்னியரை வைக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிலிண்டரை மூக்கருகே கொண்டுபோகிறார். உதடு அசைகிறது, செதில்களை எண்ணுகிறார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நகைக்கடையில் வைத்தால் விலைபோகும். அவர் மறுபடி எண்ணுகிறார். ஒன்று குறைகிறது போலும். ஒன்றும் சொல்லாமல் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து உள்ளே போடுகிறார். ஏற்கெனவே உள்ளே கிடப்பவை நகர்ந்து இடம் கொடுக்கிற சத்தம் கேட்கிறது.

கரண்ட் போகிறது. அவர் முகத்தில் மாற்றமில்லை. கரண்ட் வேண்டாத வேலைகள் வரிசையில் நிற்கின்றன. சக்கரத்தின் காலை எடுக்கிறார். இந்த விமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இதுதான். காலை மூடியிருக்கும் உறை, மீன் மாதிரி ஒடுங்கிய வடிவம். காற்றைக் கிழித்துப் போகும். இறங்கும்போது விமானி அதை 90 டிகிரி திருப்பிவிடுவார். ஒடுங்கிய பக்கம் போய் அகன்ற பக்கம் காற்றுக்கு எதிரே வரும். அதுவே பிரேக். பெரியவர் மூங்கிலைச் சீவி உறை செய்திருக்கிறார். சிரிஞ்ச் ஊசியை அறுத்துக் கீல் செய்திருக்கிறார். விரலால் திருப்பி, வாய் குவித்து ஊதிப் பார்க்கிறார். உறை அதிர்கிறது. திரும்ப ஒடுங்கிய பக்கத்தைக் காட்டி ஊதுகிறார். அசையவில்லை. இதை நாலு தடவை செய்கிறார். நாலாவது தடவை சோதனைக்காக இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

"ஏங்க, கூழ் கரைச்சு வெச்சு எந்நேரம் ஆவுது" என்று உள்ளே இருந்து குரல் வருகிறது. சொம்பும் வருகிறது, கூடவே சின்ன வெங்காயம். ஒரு கையால் குடிக்கிறார். இன்னொரு கை மாத்திரை அட்டையைத் தடவிக்கொண்டிருக்கிறது. அட்டையின் கண்ணாடிக் குமிழை அளவாக வெட்டினால், விமானியின் முன்னால் இருக்கும் உயரமானிக்கும் வேகமானிக்கும் மூடி. செருப்பு ரப்பரை வட்டமாக அறுத்துச் சுழற்றித் தேய்த்தால் டயர். முன்கண்ணாடிக்கு மரத்தில் ஓர் அச்சு. இரண்டு லிட்டர் பாட்டிலைச் சூடுகாட்டி அதன்மேல் இழுத்தால் அது வளைந்து உட்கார்ந்துகொள்கிறது. விமானி மட்டும் அவர் கைவேலையாகத் தெரியவில்லை. காகிதக்கூழ் முகம், தீட்டிய புருவம். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் சொல்லிச் செய்ததாக இருக்கும். 11 அங்குல உயரம். ஐந்தரை அடி ஆளுக்குச் சரியான கணக்கு. கொலுவில் செட்டியாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவர், இங்கே ஒரு செருப்புப் பெட்டியில் மல்லாந்து முறை வருவதற்காகக் காத்திருக்கிறார்.

தெருவில் போகிற ஒருவர் சைக்கிளை நிறுத்துகிறார். "இன்னா மாமா, பரந்தூர்ல எறங்கறதுக்கு மின்னாடி இங்க ஒண்ணு எறங்கிடும் போலக்குதே."

பெரியவர் வாயில் நூல். "உம்" என்கிறார். சைக்கிள் போய்விடுகிறது.

பரந்தூர் இங்கிருந்து சில மைல். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று 2022ல் அறிவிப்பு வந்தது. வயலும் ஏரியும் போகும் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் அன்று தொடங்கி எதிர்த்து நிற்கிறார்கள். இந்தப் பக்கத்து டீக்கடைகளில் விமானம் என்ற சொல் வந்தால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறார்கள். அந்த "உம்" எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போகிறார்.

முடிச்சு இறக்கைக்கு. அசலில் இறக்கை மரக்கூடு, மேலே துணி. துணியை ஒவ்வொரு விலாவோடும் நூலால் தைப்பார்கள். ஆறில் ஒன்றாகச் சுருக்கும்போது சிக்கல் இங்கேதான். நீளத்தை ஆறால் வகுக்கலாம். துணியின் இழையை யார் வகுப்பது? அசலில் போட்ட துணியையே இதற்கும் போட்டால் சாக்குப்பை போர்த்திய மாதிரி இருக்கும். இழையே மெலிந்த துணி வேண்டும். பட்டுதான் வழி. ஆனால் காஞ்சிப் பட்டின் கனம் இதற்கு ஆகாது. இவரிடம் இருப்பது கரையும் ஜரிகையும் இல்லாத, ஊதினால் பறக்கிற வெள்ளைப் பட்டு. அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கூட்டின் மேல் ஈரத்தோடு விரிக்கிறார். இழுக்கும் விதத்தில் தறிக்காரர் கை தெரிகிறது. பாவு எந்தப் பக்கம், ஊடு எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் இழுக்கிறார். உலர உலரத் துணி சுருங்கி, விரலால் சுண்டினால் உடுக்கை மாதிரி பேசுகிறது.

அதன்மேல் டோப் என்ற மெருகு. நகப்பாலிஷ் வாசனை தெருவெல்லாம் பரவுகிறது. இதற்குக் காய்ந்த காற்று வேண்டும். ஈரக்காற்று பட்டால் மெருகு பால் பூத்து வெளுத்துப்போகும். ஆகவே மேல்காற்று அனலாக வீசும்போதே தடவி முடிக்க வேண்டும். சாயங்காலம் கடல்காற்று திரும்பிவிட்டால் பிரஷ்ஷை எடுக்கக் கூடாது. ஊரே எப்போது கடல்காற்று வரும் என்று ஏங்குகிறது. இந்த ஒரு திண்ணையில் மட்டும் அது வராமல் இருக்கட்டும் என்று அவசரம். நாலரைக்கு வேப்பிலை ஒன்று கிழக்கிலிருந்து அசைகிறது. அவர் பிரஷ்ஷைத் தின்னரில் போட்டுவிடுகிறார். பாதி இறக்கை நாளைக்கு.

கையால் விமானம் கட்டுவது இந்தச் சீமைக்குப் புதிதில்லை. 1910ல் மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி ஏஞ்செலிஸ் ஒரு விமானத்தை வடிவமைத்தார். கட்டிக்கொடுத்தது சிம்சன் கம்பெனி. கோச்சு வண்டி செய்து பழகிய கைகள். பல்லாவரத்தில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி செய்தவனுக்கு விமானமும் ஒரு வண்டிதான்.

தெருக்கோடியில் பேரன் வருகிறான். எட்டு வயது இருக்கும். குடித்துப் போட்ட பனங்காய் இரண்டு, நடுவே ஒரு குச்சி, தள்ளக் கவட்டை வைத்த நீளக்கம்பு. நுங்கு வண்டி. வெர்னியர் இல்லை, வரைபடம் இல்லை. கால் மணியில் செய்திருப்பான். ஏரிக்கரை வரை ஓட்டிவிட்டு வருகிறான் என்பது கால் புழுதியில் தெரிகிறது.

அந்த ஏரிக்குப் பெயர் முதலில் திரையன் ஏரி. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் வந்தது, நாளடைவில் தென்னேரி ஆயிற்று என்பார்கள். அவனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகர் வண்டி வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் வண்டி என்று சொல்லி நகர்ந்துவிடவில்லை. சக்கரத்தின் விளிம்பு, ஆரக்கால், பார், மேலே வேய்ந்த கூரை என்று உறுப்பு உறுப்பாகத் தொட்டுக்காட்டுகிறார். அதே பாட்டில் பிள்ளைகள் ஒரு சின்னத் தேரை உருட்டிக்கொண்டு போகிறார்கள். தச்சர் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர். ஆனால் யாரும் ஏறிப் போக முடியாது. ஏறிப் போக முடியாத ஒன்றுக்கு எதற்கு அத்தனை வேலைப்பாடு என்று புலவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"தாத்தா, ஒண்ணு வெடிச்சுப்போச்சு."

ஒரு பனங்காய் விரிசல் விட்டுத் தொங்குகிறது. பெரியவர் அதை வாங்கித் திருப்பிப் பார்க்கிறார். பெஞ்சுக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிறார். கழித்துப்போட்ட ரப்பர் டயர் ஒன்று வருகிறது. அதில் எந்த மயிரிழைப் பிசகோ. குச்சியில் சொருகி, மேலே ஓர் ஆணி அடித்துக் கொடுக்கிறார்.

"இது சின்னது தாத்தா."

"ஓட்டிப் பாரு."

ஒரு பக்கம் பெரிய சக்கரம், ஒரு பக்கம் சின்னச் சக்கரம். தள்ளிய உடனே வண்டி நேரே போகவில்லை. தானாக ஒரு பக்கம் வளைந்து வளைந்து போகிறது. பையனுக்கு ஒரு கணம் திகைப்பு. பிறகு கத்திக்கொண்டு அதன் பின்னாலேயே வளைந்து ஓடுகிறான். தெருவில் ஒரு முழு வட்டம். இன்னொரு வட்டம். நாய் பலகைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து குலைக்கிறது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். மத்தியானத்திலிருந்து அவர் எதையும் அளக்காமல் பார்ப்பது இப்போதுதான்.

கரண்ட் வருகிறது. டிரில்லை ஒரு தரம் உறுமவிட்டு நிறுத்துகிறார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். போல்ட்டை எடுக்கிறார். இரண்டு கிண்ணங்களையும் அருகே இழுக்கிறார். பெரியது ஒன்று, சின்னது ஒன்று.