கையிழந்து மீண்டவள்

சென்ற ஆண்டில் ஒருநாள், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எமது மேசைமீது ஓர் ஆங்கில நூலை வைத்து, "சேர், இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்றாள். பின்னட்டையை நோக்கினோம். காலத்தைக் கடந்து செல்லும் ஒரு பெண்ணின் கதை என்றிருந்தது. "பரீட்சை நெருங்கும் வேளையில் மாயாசாலக் கதைகளா?" என்று வகுப்பார் முன்னிலையிலேயே நகையாடிவிட்டோம். அவள் மறுமொழி கூறவில்லை. நூலைத் திரும்ப எடுத்துக்கொள்ளவுமில்லை.

விடைத்தாள் திருத்திக் களைத்த ஓரிரவில் அதனைக் கையிலெடுத்த நாம், கோழி கூவும்போதுதான் கீழே வைத்தோம்.

நூலின் பெயர் 'கின்ட்ரெட்'. உறவுமுறையார் என்பது பொருள். கலிபோர்னியாவில் 1947 இற் பிறந்த ஒக்டேவியா பட்லர் என்னும் கறுப்பினப் பெண்மணி எழுதி, 1979 இல் வெளிவந்தது. 1976 ஆம் ஆண்டில், லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அண்மையில், புதுமனையிலே நூல்களை அடுக்கிக்கொண்டிருக்கின்றாள் டேனா என்னும் கறுப்பின எழுத்தாளர். தலை சுற்றுகின்றது. கண் விழித்தால் எதிரே ஓர் ஆறு. அதில் அமிழும் ஒரு வெள்ளைச் சிறுவன். இடமோ மேரிலாந்து, காலமோ அடிமைமுறை நிலவிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். சிறுவனைக் கரைசேர்த்தவளை நோக்கித் துப்பாக்கி நீள்கின்றது. உயிரச்சம் மேலிட்ட அக்கணமே தன் காலத்துக்கு மீளுகின்றாள்.

அவனுயிருக்கு இடர் நேருந்தோறும் அக்காலம் அவளை இழுத்துக்கொள்ளும். அவன் தன் குலத்துக்கே ஒரு முன்னோன் என்பதை அவள் அறிகின்றாள். அடிமைகளை ஆளும் கொடியவனாக வளரும் அவனைக் காவாதுவிடின் அவளுக்குப் பிறப்பே இல்லை. சுதந்திரமாய்ப் பிறந்த அலிஸ் என்னும் கறுப்பினப் பெண்ணை அடிமையாக்கி அவன் தன் வசப்படுத்த முனையும்போது, அவளிடம் அவன்பொருட்டுப் பேசப்போகும் இழிநிலையும் டேனாவுக்கு வாய்க்கின்றது. ஈற்றில் அவனைக் கொன்று தன் வீட்டுக்கு மீளுகின்றாள். மீளும்போது அவளது இடக்கை சுவரோடு சிக்குண்டு அற்றுப்போகின்றது.

இத்தகைய ஆக்கங்களை 'அவ்ரோ பியூச்சரிசம்' என்பர். ஆபிரிக்க எதிர்காலவியம் எனத் தமிழிற் சொல்லிப் பார்க்கலாம். மார்க் டெரி என்னும் திறனாய்வாளர் 1990 களின் தொடக்கத்தில் இட்ட பெயர் இது. கடந்தகாலம் திட்டமிட்டே அழிக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் தன் வருங்காலத்தைக் கற்பனை செய்தல் கூடுமோ என்பது அவர் எழுப்பிய வினா. பெயர் புதிது, பொருள் பழையது. டூ போயிஸ் என்னும் பேரறிஞர் 1920 இலேயே 'வால்வெள்ளி' என்றொரு கதை எழுதினார். வால்வெள்ளியின் நச்சுவாயுவால் நியூயோர்க் நகரம் மடிகின்றது. வங்கியின் நிலவறைக்கு ஏவப்பட்டிருந்த கறுப்பின ஊழியன் ஒருவனும், செல்வக் குடியிற் பிறந்த வெள்ளைப் பெண்ணொருத்தியுமே எஞ்சுகின்றனர். அப்போதுதான் அவள் அவனை மனிதனாகக் காண்கின்றாள். அவள் தந்தை உயிரோடு வந்து சேர்ந்ததும் பழைய உலகமும் கூடவே வந்துவிடுகின்றது. ஒருவனை மனிதனாகக் காண ஒரு நகரமே சாகவேண்டியிருக்கின்றது!

இசையிலே சன் ரா என்பார் ஒருவர். அலபாமா மாநிலத்தில் 1914 இற் பிறந்த இந்த ஜாஸ் இசைஞர், தாம் சனிக் கிரகத்தவர் என்றே வாழ்நாளெல்லாம் சாதித்தார். (எம்மவர்க்குச் சனி என்றதும் ஏழரையாண்டுதான் நினைவில் வரும்.) எகிப்திய மன்னரைப்போல் உடுத்து, 1974 இல் வந்த 'ஸ்பேஸ் இஸ் த பிளேஸ்' என்னும் படத்திலே, இசையின் வலியாற் கறுப்பினத்தவரை வேறொரு கிரகத்திற் குடியேற்ற முயல்கின்றார். நீர் மெய்யானவரோ என்று இளைஞர் வினவ, இச்சமூகத்தில் நீங்களும் மெய்யாக இல்லையே என்ற பொருள்பட விடையிறுக்கின்றார். அதனைக் கேட்டபின் அவர் உடையைக் கண்டு சிரிக்க எம்மால் இயலவில்லை.

2018 இல் வந்த 'பிளாக் பாந்தர்' திரைப்படத்தை எம் மகள் வற்புறுத்தியதாற் பார்த்தோம். எவருக்கும் அடிமைப்படாத வகாண்டா என்னும் கற்பனை ஆபிரிக்க நாடு. அதன் ஆடையணிகளுக்கு ரூத் கார்ட்டர் ஒஸ்கார் விருது பெற்றது தகுதியே. எனினும், எதற்கும் வழிசெய்யும் ஓர் அற்புத உலோகம் அங்கே மண்ணுக்குள் கிடக்கின்றது. டேனாவுக்கு அப்படி ஒன்றுமில்லை. எம் மனம் அவளிடமே நின்றது.

அந்நூல் பிறந்த கதையைப் பட்லரே பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார். அவர் மாணவியாயிருந்த நாளில், கறுப்பின இளைஞன் ஒருவன், இத்தனை காலம் நம்மைப் பின்னே இழுத்த முதியோரைக் கொல்லத் தோன்றுகின்றது, ஆனால் என் பெற்றோரிலிருந்தே தொடங்கவேண்டிவரும் என்பதால் இயலவில்லை என்றானாம். பட்லரின் தாயார் வீட்டு வேலைக்காரி. பின்வாசலால் நுழைந்து, இழிசொற் கேட்டும் வாய்திறவாதவர். அந்தக் கூலியே மகளை வளர்த்தது. பணிந்தவர் கோழையரல்லர், பிழைத்திருப்பதற்கு அவர் கொடுத்த விலை அது என்பதை உணர்த்தவே, இக்காலத்தவள் ஒருத்தியை அக்காலத்துள் அனுப்பினார் அவர்.

இப்பக்கங்களை வாசிக்கையில் எமக்கு முகம் சுட்டது. எம் தந்தையார் ஓர் எழுதுவினைஞர். மேலதிகாரியின் வசைகளைக் கேட்டுத் தலைகுனிந்து நின்றதைச் சிறுவயதில் ஒருமுறை கண்ணாரக் கண்டோம். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்த ஓரிரவு, "ஒருநாளாவது எதிர்த்துக் கதைச்சிருக்கிறியளா, ஐயா?" என்று கேட்டோம். அவர் சம்பளத்தில் வாங்கிய புத்தகம் அப்போது எம் மடியிற் கிடந்தது. ஐயா ஒன்றும் சொல்லாமல் விளக்கைத் தணித்துவிட்டுப் படுக்கப் போனார். இன்று அவர் இல்லை.

நூலைத் திருப்பிக் கொடுத்தபோது, நகையாடியது எம் பிழையென்று வகுப்பார் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டோம். மாணவி பைக்குள்ளிருந்து அதே ஆசிரியரின் இன்னொரு நூலை எடுத்தாள். 1993 இல் வெளிவந்தது. ஆனாற் கதை தொடங்கும் ஆண்டு 2024. அவர் கண்ட வருங்காலம் எமக்கு இறந்தகாலமாகிவிட்டது! பரீட்சை முடியட்டும் என்று தயங்கினோம்.

"பரீட்சை எனக்குத்தானே, சேர். நீங்கள் வாசியுங்கோ" என்றாள்.